ராம் கிளீனர் போட்டால் லேப்டாப் வேகமாகுமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு குழப்பம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது பழைய லேப்டாப். 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பிரவுசரில் ஏழெட்டு டேப், கூடவே கடைக் கணக்கு எக்செல் ஃபைல் திறந்தால் போதும், மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். தெரிந்த தம்பி ஒருவன் ராம் கிளீனர், அதாவது ராமைக் காலி செய்யும் டூல் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். பட்டனை அழுத்தியதும் டாஸ்க் மேனேஜரில் 88 சதவீதம் சட்டென்று 51க்கு இறங்கியது. அடடா என்று எக்செல்லுக்குத் திரும்பினால், பத்து விநாடி வெள்ளைத் திரை! டிஸ்க் 100 சதவீதத்தில் கரகரவென்று ஓடுகிறது. இரண்டே நிமிடத்தில் ராம் மறுபடி 85.

எனக்குப் புரிந்தவரை, இந்த டூல் புரோகிராம்களின் டேட்டாவை ராமிலிருந்து வெளியே தள்ளுகிறது; அதில் ஒரு பகுதி பேஜ்ஃபைலுக்கு (ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கும் ஃபைல்) போகிறது. தேவைப்படும்போது அதை டிஸ்க்கிலிருந்து மறுபடி அள்ளிவர வேண்டும். மிச்ச ராமை விண்டோஸே கேஷாக, அதாவது மறுபடி தேவைப்படக்கூடிய டேட்டாவை வைக்கும் இடமாக வைத்துக்கொண்டு, புரோகிராம் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடுமே. அப்புறம் சும்மா காலியாகக் கிடக்கும் ராமால் யாருக்கு லாபம்?

இந்த மாதிரி டூலால் யாருக்காவது உண்மையிலேயே பலன் கிடைத்திருக்கிறதா? அதே தம்பி பேஜ்ஃபைலையும் நிறுத்தச் சொல்கிறான். 4 ஜிபியில் அதைச் செய்தால் எக்செல் பாதியில் செத்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ராமில் ஏற்றிவைக்கும் விண்டோஸின் சிஸ்மெயின் சர்வீஸை நிறுத்திப் பார்த்தவர்கள் உண்டா?

இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன், ஒரு ராம் ஸ்லாட் காலி. இருக்கும் ராமின் ஸ்டிக்கரில் பிசி3எல் (டிடிஆர்3எல் வகை ராம்) என்று இருக்கிறது. இன்னொரு 4 ஜிபி போடுவதா, முதலில் ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான எஸ்எஸ்டிக்கு மாறுவதா?