காலி போர்ட்னு சொன்னுச்சு, சர்வர் எழுந்திருக்கல: டெஸ்ட் போர்ட் அனுபவங்கள்

மூன்றாம்ஜாமம்:
சர்வரை எழுப்பி ஓடுற எங்க டெஸ்ட், லோக்கல்ல எத்தனை தடவை ஓட்டினாலும் பாஸ். சிஐ-ல (கோடு மாறினதும் டெஸ்ட்டைத் தானா ஓட்டுற இடம்) மட்டும் எப்பவாவது ஒரு நாள் "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்", எர்னோ 98 (அதுக்கு லினக்ஸோட எரர் நம்பர்). கோடு எல்லாரும் எழுதுறதுதான். ஒரு சாக்கெட்டை (நெட்வொர்க் இணைப்பு முனை) போர்ட் 0-ல, அதாவது காலியா இருக்கிற எதையாவது கொடுன்னு, பைண்ட் பண்ணிப் பிடிச்சு, கெர்னல் கொடுத்த நம்பரைக் குறிச்சுக்கிட்டு, சாக்கெட்டை மூடிட்டு, அந்த நம்பரை சர்வருக்கு ஆர்க்யுமென்ட்டா அனுப்புறது. இன்னும் உறுத்துறது லாக்ல இருந்த ரெண்டு வரி. 41873 காலின்னு, இணையா டெஸ்ட் ஓட்டுற ஒரு வொர்க்கர் எழுதியிருக்கு. 300 மில்லிசெகண்ட் கழிச்சு, அதே 41873 காலின்னு பக்கத்து வொர்க்கரும் எழுதியிருக்கு. ரெண்டும் பொய் இல்லை. மூடின அந்த நொடியிலேயே நம்பர் திரும்பப் பொதுச்சொத்தாயிடுச்சு.

நொச்சி:
ரீயூஸ்அட்ரஸ் ஆப்ஷனைப் போடுங்க ப்ரோ, சரியாகிடும்.

கல்தச்சன்:
நொச்சி, ஆகாதுங்க. அந்த ஆப்ஷன் தீர்க்கிறது வேற நோய். சர்வரை நிறுத்தினதும் பழைய கனெக்‌ஷன்கள் லினக்ஸ்ல 60 விநாடி டைம்-வெயிட்ல (மூடின பிறகு வர்ற காத்திருப்பு நிலை) கிடக்கும். அதைத் தாண்டி உடனே பைண்ட் பண்ணத்தான் அது. உயிரோட லிஸன் பண்ற இன்னொரு சர்வர் இருந்தா லினக்ஸ் விடவே விடாது. விண்டோஸ்ல அதே பேர், அர்த்தம் வேற: ஓடிக்கிட்டிருக்கிற சர்வர் மேலேயே இன்னொண்ணை பைண்ட் பண்ண விட்டுடும். ரிக்வெஸ்ட் யாருக்குப் போகும்னு உறுதியே கிடையாது. அங்க எக்ஸ்க்ளூசிவ்-அட்ரஸ்-யூஸ் ஆப்ஷன்தான் போடணும்.

மேக்ல இன்னும் நுணுக்கம். அதே ஆப்ஷனோட ஒரு சர்வர் 0.0.0.0-லயும் (மெஷினோட எல்லா முகவரியும்) இன்னொண்ணு 127.0.0.1-லயும் (மெஷினுக்குள்ள மட்டும்) ஒரே போர்ட்ல உட்காரலாம்; குறிப்பான முகவரி வெச்சிருக்கிறவனுக்குத்தான் ரிக்வெஸ்ட் போகும். இதுல பயங்கரம் என்னன்னா எரரே வராது. புது பில்ட் 0.0.0.0-ல எழுந்திருச்சு, "ரெடி"ன்னு எழுதியிருக்கு. பதில் சொல்றதெல்லாம் 127.0.0.1-ல கொல்லப்படாம தங்கிட்ட பழைய பில்ட். டெஸ்ட் முழுக்கப் பச்சை. பதிலோட ஹெடர்ல பழைய வெர்ஷன் நம்பர் இருந்தாத்தான் பிடிபடும்.

வடகரை:
போர்ட் 0 வேண்டாம் என்று 40000 என நிலையான எண் வைத்தாலும் தப்பிக்க முடியாது. சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கமாண்ட் காட்டிய ஒரு வரியை அப்படியே சொல்கிறேன்: ஒரு பக்கம் 127.0.0.1:40000, மறுபக்கமும் 127.0.0.1:40000, நிலை எஸ்டாப் (இணைப்பு உருவாகிவிட்டது). தன்னோடு தானே பேசும் சாக்கெட்!

சர்வர் எழும்வரை காத்திருக்கும் ஸ்கிரிப்ட் 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை 40000-ஐத் தட்டுகிறது. ஒவ்வொரு தட்டலுக்கும் கெர்னல் தன் பக்கத்துக்கு ஒரு தற்காலிக போர்ட் எடுக்கும். லினக்ஸில் அது இயல்பாக 32768 முதல் 60999 வரை. நிமிடத்துக்கு 6000 தட்டல். ஒரு தட்டலில் அந்தத் தற்காலிக எண்ணே 40000 ஆகிவிட்டால், இணைப்பைத் தொடங்க அனுப்பிய சின் பாக்கெட் தனக்கே வந்து சேரும். இரு முனையும் ஒரே நேரத்தில் திறப்பதை டிசிபி அனுமதிக்கிறது, ஆகவே கனெக்‌ஷன் உருவாகிவிடும். ஸ்கிரிப்ட் "சர்வர் தயார்" என்கிறது. உண்மையான சர்வர் அப்போதுதான் வந்து 98 வாங்கிச் சாகிறது.

நிலையான எண் வேண்டுமென்றால் 32768-க்குக் கீழே வையுங்கள். குபர்னெட்டீஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) வெளியே திறக்கும் நோட்போர்ட்டின் இயல்பான வரம்பு 30000–32767 அந்த எல்லைக்குக் கீழேயே முடிவதைக் கவனியுங்கள். மேலேதான் வேண்டும் என்றால் ஐபி_லோக்கல்_ரிசர்வ்டு_போர்ட்ஸ் என்ற சிஸ்கன்ட்ரோலில் (கெர்னல் அமைப்பு) எண்ணைச் சேருங்கள். கெர்னல் தானாக எடுக்காது, நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டால் கொடுக்கும்.

செம்பருத்தி:
விண்டோஸ்ல 50000-ல பைண்ட் பண்ணினா 10048 (முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்) வரலை, 10013 வருது: அனுமதி இல்லையாம். நெட்ஸ்டாட்ல அந்தப் போர்ட்ல யாருமே இல்லை. அட்மினா ஓட்டினாலும் அதே. விண்டோஸோட வர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி மொத்தமா ஒரு வரிசையை ஒதுக்கி வெச்சிருக்கும். நெட்ஷ் கமாண்ட்ல எக்ஸ்க்ளூடட்-போர்ட்ரேஞ்ச் கேட்டாத்தான் அது கண்ணுல படும்.

கல்தச்சன்:
மூன்றாம்ஜாமம் தீர்வு கேட்கலைதான், ஆனா சொல்லாம விட மனசில்லை. நம்பரைக் கண்டுபிடிச்சு அனுப்புறதை விடுங்க. சர்வரையே 0-ல பைண்ட் பண்ணச் சொல்லி, அதுக்கு என்ன கிடைச்சுதுன்னு கேளுங்க. நோட்.ஜேஎஸ்-ல லிஸன் 0, அப்புறம் சர்வரோட அட்ரஸ்ல போர்ட். கோ மொழியோட எச்டிடிபிடெஸ்ட் இதைத்தான் செய்யுது. ஜாவாவோட ஸ்பிரிங்ல சர்வர்.போர்ட்டை 0-ன்னு வெச்சு, லோக்கல்.சர்வர்.போர்ட்டைப் படிக்கணும்.

சர்வர் தனி பிராசஸ்னா நம்பரை ஃபைல்ல எழுதச் சொல்லுங்க. நேரா எழுதக்கூடாது. தற்காலிகப் பேர்ல எழுதி முடிச்சிட்டு ரீநேம் பண்ணணும். இல்லைன்னா 41873-க்குப் பதிலா 418-ன்னு பாதியைப் படிச்சிட்டு டெஸ்ட் அங்க போய் முட்டும்.

இதைவிட நல்லது, டெஸ்ட்டே சாக்கெட்டைத் திறந்து, லிஸனும் பண்ணிட்டு, ஃபைல் டிஸ்கிரிப்டரை (திறந்த சாக்கெட்டைக் குறிக்கிற எண்) சர்வருக்குக் கொடுக்கிறது. சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ்களைத் தொடங்குற புரோகிராம்) பழக்கப்படி அது 3-ஆம் நம்பர். போர்ட் ஒரு கணம்கூடக் கைமாறாது. சர்வர் இன்னும் எழலைன்னாலும் வர்ற கனெக்‌ஷன் பேக்லாக் வரிசையில நிக்கும், அதனால வடகரை சொன்ன தட்டுற ஸ்கிரிப்ட்டே தேவையில்லை.

வெளியார் கோடு, சர்வரைத் தொடவே முடியாதுன்னா மட்டும் பழைய முறை: தோத்தா புது நம்பரோட மூணு முயற்சி. எதுவானாலும் 127.0.0.1-ல மட்டும் பைண்ட் பண்ணுங்க, யுஆர்எல்-லயும் அதையே எழுதுங்க. லோக்கல்ஹோஸ்ட்னு எழுதினா நோட் 17-லிருந்து ஐபிவி6 முகவரி முதல்ல வரலாம். சர்வர் ஐபிவி4-ல காத்திருக்க, கிளையன்ட்டுக்கு கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்டு வரலாம்.

வடகரை:
டிஸ்கிரிப்டர் கொடுக்கும் வழியில் ஒரு திருத்தம். பைத்தான் 3.4 முதல் சாக்கெட்டுகள் பிள்ளை பிராசஸுக்குத் தானாகப் போகாது, சப்பிராசஸின் பாஸ்_எஃப்டிஸ் ஆர்க்யுமென்ட்டில் சொல்ல வேண்டும். அது எண்ணை 3 என்று மாற்றியும் தராது. தாயில் 7 என்றால் பிள்ளையிலும் 7. அந்த எண்ணை ஆர்க்யுமென்ட்டாக அனுப்புங்கள். சர்வர் சிஸ்டம்டி முறையையே எதிர்பார்த்தால், 7-ஐ 3-க்கு டூப் (நகல்) செய்வதோடு லிஸன்_பிஐடி என்ற சூழல் மாறியில் பிள்ளையின் பிஐடி (பிராசஸ் எண்) இருக்க வேண்டும். தாயினுடையது இருந்தால் சர்வர் அந்தச் சாக்கெட்டைக் கண்டுகொள்ளாது.