கிஃப்ட்: பரிசா, நஞ்சா, திருமணமா?

கேள்வி: ஜெர்மனியில் ஒரு பழைய மருந்தக அலமாரியின் படத்தில், மண்டையோட்டுக் குறிக்குக் கீழே ‘கிஃப்ட்’ என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் பரிசைக் குறிக்கும் சொல் அங்கே நஞ்சானது எப்படி?

மறுமொழி 1: இரண்டும் ‘கொடு’ என்ற ஒரே வேரிலிருந்து வந்தவைதான். கிரேக்கத்தில் ‘கொடுத்தல்’ என்று பொருள்படும் ‘டோசிஸ்’, மருத்துவர் கொடுக்கும் மருந்தளவுக்கும் பெயரானது; நாம் சொல்லும் ‘டோஸ்’ அதுவே. அதைப் பின்பற்றியே ஜெர்மன் சொல்லும் ‘கொடுக்கப்பட்ட மருந்து’ என்றாகி, நஞ்சை நேரடியாகச் சொல்லத் தயங்கியவர்களின் வாயில் இடக்கரடக்கலாகப் புழங்கி, இறுதியில் நஞ்சு என்ற பொருளிலேயே நிலைத்துவிட்டது. நம் ஊரில் ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்றால் எந்த மருந்து என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? பழைய பொருளின் தடம் ‘மிட்கிஃப்ட்’ என்ற சொல்லில் இன்றும் உண்டு. அதற்கு வரதட்சணை என்று பொருள். (பொருத்தமான கூட்டணி என்று சிலர் சொல்லக்கூடும்.)

மறுமொழி 2: ஸ்வீடிஷ் மொழியில் இதே எழுத்துகளை ‘யிஃப்ட்’ என்று ஒலிப்பார்கள். பெயர்ச்சொல்லாக வந்தால் நஞ்சு, பெயரடையாக வந்தால் திருமணமானவர். பின்னது, நாம் ‘பெண் கொடுத்தார்கள்’ என்பதைப் போல, மணம் செய்து கொடுத்தலிலிருந்து பிறந்தது. டேனிஷ், நார்வேஜியன் மொழிகளிலும் இவ்விரு பொருள்களும் உண்டு.

மறுமொழி 3: டச்சுக்காரர்கள் பிரித்துக்கொண்டார்கள்: ‘கிஃப்ட்’ நன்கொடை, ‘கிஃப்’ நஞ்சு. வேறுபாடு ஒரேயொரு ‘ட்’தான் என்பதால், எழுதும்போது கவனம் தேவை.