நாற்பது பனியுடைப்புக் கப்பல்கள் வடதுருவத்தை வென்றுவிடுமா?

கொட்டகலை ஆசிரியர்:
"ரஷ்யாவிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட பனியுடைப்புக் கப்பல்கள், அமெரிக்காவிடம் மூன்று, ஆர்க்டிக் போட்டி முடிந்துவிட்டது" என்று பண்டாரவளை நண்பர் நேற்று இங்கே எழுதியதை, என் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இன்று வரி பிசகாமல் ஒப்புவிக்கிறார்கள். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? ரஷ்ய வடகடற்படையின் முக்கிய தளங்கள் அந்நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள கோலா தீபகற்பத்தில் இருக்கின்றன. அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் அந்தக் கரைவரை எட்டுவதால் மூர்மன்ஸ்க் துறைமுகம் மாரியிலும் உறைவதில்லை. அணுவாயுத நீர்மூழ்கிகள் அங்கிருந்து புறப்படுவதற்குப் பனியுடைப்புக் கப்பல் எதற்கு? அமெரிக்காவின் நோட்டிலஸ் நீர்மூழ்கி 1958 ஓகஸ்ட்டில் பனிக்கு அடியிலேயே வடதுருவத்தைக் கடந்தது. 1959 மார்ச்சில் அந்நாட்டின் இன்னொரு நீர்மூழ்கியான ஸ்கேட் அதே துருவத்தில் பனியைப் பிளந்து மேலே வந்தது. இவற்றுக்கு எந்தக் கப்பலும் முன்னே சென்று வழி திறக்கவில்லை.

பண்டாரவளையான்:
சேர், 1958ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டீர்கள். நாற்பதுக்கு மூன்று என்ற கணக்கை மறுக்க முடியாததால்தான் நீருக்கு அடியில் போய் ஒளிகிறீர்கள். அமெரிக்காவின் போலார் ஸ்டார் 1976இல் சேவைக்கு வந்த கப்பல். அதன் பழுதுகளைத் திருத்துவதற்கு, ஓய்ந்து கிடக்கும் சகோதரக் கப்பலான போலார் சீயிலிருந்து பாகங்களைக் கழற்றிப் பொருத்துகிறார்கள். அதுவும் பெரும்பாலும் தென்துருவப் பகுதியிலுள்ள மக்மேர்டோ ஆய்வு நிலையத்துக்குப் பாதை திறக்கப் போய்விடுகிறது. அமெரிக்காவின் மற்றொரு பனியுடைப்புக் கப்பலான ஹீலி 2024இல் தீப்பிடித்துப் பயணத்தை இடைநிறுத்தியது. ரஷ்யாவிடமோ அணுசக்தியில் இயங்குபவை மட்டும் எட்டு. நாற்பது என்பது நாற்பதுதான்.

மஸ்கெலியா மலர்:
இரண்டு அண்ணன்மாரும் கிறீன்லாந்தை மறந்துவிட்டீர்கள். அங்கே, 2023வரை தூலே என்று அழைக்கப்பட்ட பிட்டுஃபிக் இராணுவத் தளம் 1951ஆம் ஆண்டு டென்மார்க்குடன் செய்த உடன்படிக்கையின்படி அமெரிக்காவின் கையில் இருக்கிறது. ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஏவப்படும் ஏவுகணைக்கு மிகக் குறுகிய வழி துருவத்தின் மேலாகத்தான். அதை முதலில் காண வேண்டிய ராடர் அங்கேதான் நிற்கிறது. அந்த ராடரைப் பற்றிப் பேசாமல் கப்பல்களை எண்ணுவதால் என்ன பயன்?

கொட்டகலை ஆசிரியர்:
தங்கை சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். தம்பி, நம் மலைநாட்டு வீதியில் மண்சரிவு விழுந்தால் பெக்கோ வந்து மண்ணை அள்ளி வழி விடுகிறது. நுவரெலியா மாவட்டத்தில் எத்தனை பெக்கோக்கள் நிற்கின்றன என்று எண்ணி, இந்நாட்டு இராணுவத்தின் பலம் இவ்வளவு என்று நீங்கள் சொல்வீர்களா? அந்த நாற்பதில் பல, துறைமுக வாயில்களிலும் ஆற்று முகங்களிலும் வேலை செய்யும் சிறிய கப்பல்கள். பெருமையாக எண்ணும் அணுசக்திப் பனியுடைப்புக் கப்பலான ஆர்க்டிக்கா கூட, 2020இல் சேவையில் சேர்க்கப்பட்டபோது மூன்று உந்து மோட்டார்களில் ஒன்று பழுதான நிலையிலேயே சேர்க்கப்பட்டது. மறுபக்கம், 2023 ஏப்ரலில் பின்லாந்தும் 2024 மார்ச்சில் சுவீடனும் நேட்டோவில் சேர்ந்ததால், ஆர்க்டிக் பேரவையின் எட்டு நாடுகளில் ரஷ்யாவைத் தவிர ஏழும் இன்று ஒரே அணியில் நிற்கின்றன. இது போர்த்தந்திரக் கணக்கு. உங்களுடையது தலையெண்ணிக்கை.

பண்டாரவளையான்:
பெக்கோ வராவிட்டால் உங்கள் இராணுவ லொறி மண்மேட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கும், சேர். ஆர்க்டிக் கடலில் ரஷ்யாவுக்குச் சொந்தமான அலெக்சாந்திரா தீவிலுள்ள நாகுர்ஸ்கோயே விமானத் தளத்துக்கு எரிபொருளும் சீமெந்தும் கடல்வழியே போயாக வேண்டும். அதற்கு யார் வழி திறப்பது? 2019இல் வெள்ளோட்டம் விடப்பட்ட ரஷ்யக் கடற்படைக் கப்பலான இவான் பபானின் பனியையும் உடைக்கும், 76 மில்லிமீற்றர் பீரங்கியையும் தாங்கும். அதையும் பெக்கோ என்பீர்களா? முன்பு இங்கே நடந்த அம்பாந்தோட்டை விவாதத்திலும் இப்படித்தான் ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் தராமல் எங்களைப் பாடம் கேட்க வைத்தீர்கள்.

நானுஓயா வாசகன்:
அம்பாந்தோட்டை என்றதும் ஞாபகம் வருகிறது: ரஷ்யாவின் வடகரையோரமாக ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் வடகடல் வழி திறந்துவிட்டால் நம் தெற்குக் கடலைத் தாண்டிப் போகும் கப்பல்கள் குறைந்துவிடாதா?

கொட்டகலை ஆசிரியர்:
குறையாது. 2024ஆம் ஆண்டுக்குள் அவ்வழியே 80 மில்லியன் தொன் சரக்குப் போக வேண்டும் என்று 2018இல் புட்டின் கட்டளையிட்டார். போனது ஏறத்தாழ 38 மில்லியன். அதிலும் பெரும்பகுதி ரஷ்யாவின் சொந்த எண்ணெயும் எரிவாயுவும். செங்கடலில் தாக்குதல்கள் தொடங்குவதற்கு முன் சுயஸ் கால்வாயில் ஆண்டுக்கு 1,000 மில்லியன் தொன்னுக்கும் மேல் போனது. நாற்பது கப்பல்களை வைத்துக்கொண்டும் இலக்கின் பாதியைக்கூடத் தொட முடியவில்லையே, தம்பி, அதற்கு உங்கள் பதில் என்ன? அம்பாந்தோட்டை விவாதத்தில் நான் கேட்ட மூன்று கேள்விகளும் இன்னும் பதிலின்றிக் கிடக்கின்றன என்பதையும் நினைவூட்டுகிறேன்.

மஸ்கெலியா மலர்:
ராடரைப் பற்றி நான் கேட்டதற்கு இருவரும் பதில் சொல்லவில்லை.

பண்டாரவளையான்:
சரக்கைப் பற்றி நான் பேசவே இல்லை, சேர். பேச்சை அங்கே திருப்பியவர் நீங்கள். 2024 ஜூலையில் அமெரிக்கா, கனடாவையும் பின்லாந்தையும் சேர்த்துக்கொண்டு பனியுடைப்புக் கப்பல் கட்டுவதற்கென்றே கூட்டு முயற்சியை அறிவித்தது. தேவையில்லாத பொருளுக்கு ஒரு வல்லரசு ஏன் பின்லாந்தின் கப்பல் தளங்களைத் தேடிப் போகிறது? நாற்பதுக்கு மூன்று. இதை மறுத்துவிட்டுப் பிறகு நீர்மூழ்கிக்குப் போங்கள்.

கொட்டகலை ஆசிரியர்:
மூர்மன்ஸ்க் உறைகிறதா, உறையவில்லையா? ஆம், இல்லை என்று ஒரு சொல் எழுதுங்கள். அதற்குப் பிறகு உங்கள் நாற்பதை எண்ணுவோம்.