ஜி.என்.எம். படிச்சுட்டு அமெரிக்காவுல ஆர்.என்.: ஆன்லைன் பி.எஸ்.என்.னுக்கு எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

ராத்திரி ஷிஃப்ட் (ஹூஸ்டன்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடிச்சு, குவைத்துல கொஞ்ச வருஷம் வேலை பார்த்து, நியூயார்க் போர்டு வழியா என்க்ளெக்ஸ் (நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை) எழுதி, ஈ.பி.-3ல (வேலை வழியா க்ரீன் கார்டு கிடைக்கிற பிரிவு) இங்க வந்தவ நான். ஆர்.என். (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) லைசென்ஸை டெக்சாஸுக்கு மாத்தியாச்சு. இப்ப டெலிமெட்ரி ஃப்ளோர் (இதயத் துடிப்பை மானிட்டர்ல கவனிக்கிற வார்டு), வாரத்துல மூணு நைட்டு.

வேலைக்குச் சேர்றப்ப நீட்டின தாள்கள்ல ஒண்ணு, "அஞ்சு வருஷத்துக்குள்ள பி.எஸ்.என். (நர்சிங் பேச்சிலர் டிகிரி) முடிக்கிறேன்"னு. க்ரீன் கார்டு கையில வந்த சந்தோஷத்துல எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டாச்சு. போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு, "எந்த ஸ்கூல்ல சேர்ந்திருக்கே?"ன்னு கேக்குறாங்க. எங்க ஹாஸ்பிட்டல் மேக்னட்டுக்கு (நர்சிங் தரத்துக்குக் குடுக்கிற அங்கீகாரம்) அப்ளை பண்ணப் போகுதாம், அதான் இந்த அவசரம்.

விளம்பரத்துல எல்லாம் "30 க்ரெடிட், ஒரே வருஷம்"னு போட்டிருக்கான் (க்ரெடிட்னா பாடத்தோட அளவைக் கணக்கு வைக்கிற புள்ளி). ஒரு சைட்ல விவரம் பார்க்கலாம்னு போன் நம்பர் குடுத்தேன். இப்ப நைட் முடிச்சு வந்து கண்ணை மூடுனா போதும், அட்மிஷன் ஆளுங்க வரிசையா கூப்பிடுறாங்க. என்னோட ஜி.என்.எம்.முக்கு எத்தனை க்ரெடிட் கிடைக்கும்னு கேட்டா மட்டும், "முதல்ல அப்ளை பண்ணுங்க, அப்புறம் பார்க்கலாம்"ங்கிறாங்க.

மார்க்‌ஷீட்டை டபிள்யூ.ஈ.எஸ்.ல குடுக்கிறதா, சி.ஜி.எஃப்.என்.எஸ்.லயே வாங்கிக்கலாமா (ரெண்டும் வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடுற ஏஜென்சி)? விசாஸ்கிரீனுக்கு (விசாவுக்காக சி.ஜி.எஃப்.என்.எஸ்.ல வாங்கின சான்றிதழ்) எல்லாத்தையும் ஒருதரம் அனுப்பியாச்சே, அதையே எடுத்துக்க மாட்டாங்களா? நியூயார்க்ல முதல் லைசென்ஸ் வாங்கினவங்க பத்து வருஷத்துக்குள்ள டிகிரி முடிக்கணும்னு ஒரு சட்டம் இருக்காமே, அது என்னைப் புடிக்குமா? வீட்டுக்காரர் பகல்ல வேலைக்குப் போயிடுவார், சின்னவன் கிண்டர்கார்ட்டன். படிப்புக்குப் பயமில்ல, பணத்தைக் கட்டிட்டு முழிக்கக் கூடாதுங்கிறதுதான் கவலை.

ஜெர்சிக்காரி:

சட்டத்தைப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போறேன், லஞ்ச் பிரேக். 2017 டிசம்பர்ல கையெழுத்தானது அது. நியூயார்க்ல ரெஜிஸ்ட்ரேஷன் தொடரணும்னா முதல் லைசென்ஸ்லேருந்து பத்து வருஷத்துக்குள்ள நர்சிங்ல பேச்சிலர் டிகிரி வேணும். அதுக்கு முன்னாடியே லைசென்ஸ் வச்சிருந்தவங்களுக்கு விலக்கு. ஆனா அது நியூயார்க் ரெஜிஸ்ட்ரேஷனுக்குத்தான். உங்க டெக்சாஸ் லைசென்ஸை அது தொடாது. திரும்ப நியூயார்க் போற எண்ணம் இல்லைன்னா நீங்க பார்க்க வேண்டியது ஹாஸ்பிட்டல்ல போட்ட கையெழுத்தைத்தான். எங்க ஜெர்சில சட்டமே இல்லாமலேயே எல்லா ஹாஸ்பிட்டலும் கேக்குது. 2010ல இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின், "2020க்குள்ள நர்ஸுங்கள்ல 80 சதவீதம் பேர் பி.எஸ்.என். ஆகணும்"னு அறிக்கை விட்டாலும் விட்டாங்க, அன்னிக்குப் புடிச்ச பேய்.

வார்டு அக்கா:

தங்கச்சி, முதல்ல அந்த போன் நம்பரை எல்லாம் பிளாக் பண்ணு. தூங்கினாத்தான் படிக்க முடியும்.

நானும் ஜி.என்.எம்.தான், திருச்சி. டெக்சாஸ்லயே வேலை பார்த்துக்கிட்டு ஆன்லைன்ல பி.எஸ்.என். முடிச்சேன். இந்த வழியில நிறைய பேருக்குக் கையைப் புடிச்சு விட்டிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோ.

எல்லாரும் ஸ்கூலை முதல்ல தேடுறாங்க. நீ மார்க்‌ஷீட்டை முதல்ல எடு. முதல் வருஷத்துல "பயோ சயன்ஸ்"னு ஒரு பேப்பர் இருக்கா? அதுக்குள்ளதான் நம்ம அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் ஒளிஞ்சிருக்கு. "பிஹேவியரல் சயன்ஸ்"னு இன்னொண்ணு, அதுக்குள்ள சைக்காலஜியும் சோஷியாலஜியும். நமக்கு அது தெரியும். இங்க உக்காந்து எவாலுவேஷன் பண்றவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு வரி இருந்தா ஒரு பாடம்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் யூனிவர்சிட்டி, "மைக்ரோபயாலஜி படிக்கலையே, லேபோட சேர்த்து எடு"ன்னு சொல்லும். மூணு வருஷம் வார்டுல கல்ச்சர் ஸ்வாப் எடுத்தவளைப் புடிச்சு, கம்யூனிட்டி காலேஜ்ல சின்னப் பசங்களோட உக்கார வைப்பாங்க.

அதனால நீ படிச்ச ஸ்கூல்ல வெறும் மார்க்‌ஷீட் காப்பி கேக்காதே. பாடவாரியா தியரி மணி, பிராக்டிகல் மணி பிரிச்சுப் போட்ட ட்ரான்ஸ்கிரிப்ட் கேளு. அனாடமி பிசியாலஜி தனி வரி, மைக்ரோபயாலஜி தனி வரி, நியூட்ரிஷன் தனி வரி. இது ஒண்ணு சரியா வந்தாலே உனக்குப் பாதி வேலை முடிஞ்சது. மார்க்கைப் பத்திக் கவலைப்படாதே. 62ஐப் பார்த்துட்டு ஃபெயில்னு நினைக்க மாட்டாங்க, நம்ம ஊர் மார்க் முறை அவங்களுக்குத் தெரியும்.

டபிள்யூ.ஈ.எஸ்.ஸா சி.ஜி.எஃப்.என்.எஸ்.ஸான்னு கேட்டே. நீ எந்த ரெண்டு மூணு ஸ்கூலை நினைக்கிறியோ அவங்க யாரோட ரிப்போர்ட்டை ஏத்துக்கிறாங்கன்னு பார்த்துட்டுப் பணம் கட்டு. நிறைய இடத்துல நேசஸ் (இந்த மாதிரி ஏஜென்சிங்களோட சங்கம்) மெம்பரா இருக்கிற ஏஜென்சின்னு மட்டும் கேப்பாங்க, டபிள்யூ.ஈ.எஸ்., ஈ.சி.ஈ. ரெண்டுமே அதுல இருக்கு. வாங்கும்போது "கோர்ஸ் பை கோர்ஸ்" ரிப்போர்ட்டுதான் வாங்கணும். விலை கம்மியா "டாக்குமென்ட் பை டாக்குமென்ட்"னு ஒண்ணு இருக்கும், அது இதுக்கு உதவாது. விசாஸ்கிரீன் ஃபைல்ல இருக்கிற பேப்பரையே வச்சு இன்னொரு ரிப்போர்ட் போட முடியுமான்னு சி.ஜி.எஃப்.என்.எஸ்.ல ஒரு மெயில் போட்டுக் கேளு (இப்ப ட்ரூமெரிட்னு பேரை மாத்திட்டாங்க, குழம்பிடாதே). முடிஞ்சா உனக்கு மாசக்கணக்கு மிச்சம்.

இப்ப அந்த "30 க்ரெடிட்" கதை. பி.எஸ்.என். மொத்தம் 120 க்ரெடிட். அதுல 30 சொச்சம்தான் விளம்பரத்துல வர்ற நர்சிங் பாடம். மீதி 90 உன்கிட்ட ஏற்கனவே இருக்குன்னு வச்சுக்கிட்டுதான் அந்த விலையைப் போடுறாங்க. இங்க கம்யூனிட்டி காலேஜ்ல ஏ.டி.என். (பேச்சிலருக்குக் கீழ இருக்கிற நர்சிங் டிகிரி) முடிச்சவங்ககிட்ட இங்கிலீஷ் காம்போசிஷன், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஹிஸ்டரி எல்லாம் ஓரளவு இருக்கும். நம்மகிட்ட இருக்காது. ஆர்.என். லைசென்ஸுக்குன்னு மொத்தமா ஒரு கட்டு க்ரெடிட் குடுக்கிற ஸ்கூல் இருக்கு, அதையும் விசாரி. ஆனா டெக்சாஸ்ல அரசு யூனிவர்சிட்டின்னா இன்னொரு செலவு ஒளிஞ்சிருக்கு. இந்த மாநிலச் சட்டப்படி எந்த டிகிரி வாங்கினாலும் அமெரிக்கன் ஹிஸ்டரி ஆறு க்ரெடிட், கவர்ன்மென்ட் ஆறு க்ரெடிட் படிச்சே ஆகணும். நர்ஸுக்கு எதுக்குடா டெக்சாஸ் அரசியல் சட்டம்னு கேக்காதே, நானும் கேட்டேன், யாரும் பதில் சொல்லல.

இதுக்குத்தான் க்ளெப் பரீட்சை, கிளாஸுக்குப் போகாம பரீட்சை மட்டும் எழுதி க்ரெடிட் வாங்குறது. ஹிஸ்டரி ரெண்டு பேப்பரையும் க்ளெப்ல அடிச்சிடலாம், காலேஜ் ஃபீஸைப் பார்த்தா அது சில்லறை. மாடர்ன் ஸ்டேட்ஸ்னு ஒரு சைட்ல இலவசமா கோர்ஸ் இருக்கு, முடிச்சா பரீட்சைக் கட்டணத்துக்கு வவுச்சரும் தர்றாங்க. ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு க்ளெப் கிடையாது, அதைக் கம்யூனிட்டி காலேஜ்லயே எடு. எதை எடுக்கிறதுக்கு முன்னாடியும், "இந்தப் பாடத்தை ஏத்துக்கிறோம்"னு அட்வைசர்கிட்ட மெயில்ல எழுதி வாங்கு. போன்ல சொன்னது செல்லாது.

ஸ்கூலுக்கு சி.சி.என்.ஈ. இல்லைன்னா ஏ.சி.ஈ.என். அக்ரெடிடேஷன் (நர்சிங் படிப்புக்கான தர அங்கீகாரம்) இருக்கான்னு அந்த அமைப்புகளோட சைட்லயே போய்த் தேடு, ஸ்கூல் சைட்ல போட்டிருக்கிற படத்தை நம்பாதே. பின்னாடி என்.பி. (நர்ஸ் ப்ராக்டிஷனர்) படிக்கணும்னு ஆசை வந்தா முதல்ல கேக்கிறது அதைத்தான்.

பணம். ஹெச்.ஆர்.ல ட்யூஷன் உதவி கேளு. ஹாஸ்பிட்டல் குடுக்கிறதுல வருஷத்துக்கு 5,250 டாலர் வரைக்கும் உனக்கு வரி கிடையாது. அது காலண்டர் வருஷக் கணக்கு. ஆகஸ்ட்ல சேர்ந்தா இந்த வருஷத்துப் பங்கு ஒண்ணு, ஜனவரிக்கு அப்புறம் அடுத்த வருஷத்துப் பங்கு ஒண்ணுன்னு ரெண்டையும் ஒரே டிகிரிக்கு வாங்கலாம். ஜனவரில சேர்ந்து டிசம்பர்ல முடிச்சா ஒண்ணுதான். அந்தப் பணத்தை வாங்கினா எத்தனை வருஷம் அங்கேயே இருக்கணும்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும், இந்தத் தடவை படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு! க்ரீன் கார்டு இருக்கிறதால ஃபேஃப்ஸாவும் (அரசு படிப்பு உதவிக்கான விண்ணப்பம்) போடலாம். ஜி.என்.எம். டிப்ளமோங்கிறதால உனக்கு இதுதான் முதல் பேச்சிலர் டிகிரி, அதை அப்படியே போடு.

டயாலிசிஸ் தம்பி:

அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனா இவ்வளவு சுத்த வேணாம். வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யூனிவர்சிட்டி பாருங்க. ஆறு மாசத்துக்கு ஒரே ஃபீஸ், அதுக்குள்ள எத்தனை பாடம் முடிக்கிறீங்களோ உங்க சாமர்த்தியம். டிஸ்கஷன் போர்டு, "இனிய மாலை, உங்கள் கருத்து அருமை"ன்னு கிளாஸ்ல இருக்கிறவனுக்கு வாராவாரம் ரெண்டு பதில், அதெல்லாம் கிடையாது. பேப்பர் எழுதினமா, பாஸ் ஆனமா, அடுத்தது. நான் டயாலிசிஸ் மெஷின் ஓடுற நேரத்துல மனசுல அவுட்லைன் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்து டைப் பண்ணுவேன்.

வார்டு அக்கா:

தம்பிக்கு வேகம் ஒத்து வரும், ஒத்துக்கிறேன். ஆனா அங்க கிரேடு கிடையாது, பாஸ் பண்ணா 3.0 ஜி.பி.ஏ.க்குச் சமம்னு மட்டும்தான். நாளைக்கு சி.ஆர்.என்.ஏ. (மயக்க மருந்து குடுக்கிற நர்ஸ்) மாதிரி போட்டி அதிகமா இருக்கிற இடத்துக்குப் போகணும்னா அந்த ஸ்கூல்ல முன்கூட்டியே கேட்டுக்கணும். மாசாமாசம் யாராவது கெடு வச்சாத்தான் வேலை பார்ப்பேங்கிற ஆளுக்கும் அது சரிப்படாது. ஆறு மாசம் கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும், ஃபீஸ் மறுபடி கட்டணும்.

டிஸ்கஷன் போர்டை அப்படிக் கேலி பண்ணாதே. எனக்கு எழுத்து இங்கிலீஷ் வந்ததே அதுலதான்.

ராத்திரி ஷிஃப்ட்:

அக்கா, இதைப் பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டேன். மார்க்‌ஷீட்டை எடுத்துப் பார்த்தேன், நீங்க சொன்னபடியே பயோ சயன்ஸ் ஒரே வரி.

இன்னிக்கு ஊர்ல ஸ்கூல் ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். நான் படிச்சப்ப இருந்த பிரின்சிபால் இல்ல. ஆபீஸ்ல இருந்தவரு, "எங்க ஃபார்மட் இதுதான், மணியெல்லாம் பிரிச்சுப் போடுறது வழக்கமில்லை"ன்னுட்டாரு. ஊர்ல இருக்கிற என் தம்பியை நேர்ல அனுப்பினா நடக்குமா? அப்புறம் இன்னொரு கேள்வி. ஆன்லைன்னு சொல்றாங்க, நடுவுல பிராக்டிகம்னு வருதே, அதுக்கு லீவு போடணுமா?

வார்டு அக்கா:

வழக்கமில்லைன்னுதான் முதல்ல சொல்வாங்க. அவரு மேல தப்பில்ல, யாரும் அவருக்கு மாதிரி காட்டியிருக்க மாட்டாங்க. நீ படிச்ச வருஷத்து இந்தியன் நர்சிங் கவுன்சில் சிலபஸ்ல ஒவ்வொரு பாடத்துக்கும் மணி போட்டிருக்கும். அதை வச்சு ஒரு அட்டவணையை நீயே டைப் பண்ணி மெயில்ல அனுப்பு. "உங்க ரெஜிஸ்டரோட சரிபார்த்து, திருத்தி, லெட்டர்ஹெட்ல போட்டுக் குடுங்க"ன்னு எழுது. அவங்க வேலையைக் குறைச்சுக் குடுத்தா மறுக்க மாட்டாங்க. உன் தம்பி நேர்ல போகட்டும், ஆனா கவரைத் தம்பி கையில வாங்கிட்டு வந்து போஸ்ட் பண்ணக் கூடாது. ஸ்கூல்லேருந்து நேரா ஏஜென்சிக்குப் போகணும், மூடின இடத்துல சீலும் கையெழுத்தும் இருக்கணும். ஏஜென்சி குடுக்கிற ரெஃபரன்ஸ் நம்பரைக் கவர் மேல எழுதச் சொல்லு. கூரியர் செலவை நீயே குடுத்துடு, அதுக்கு அவங்க மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

பிராக்டிகம் பெரும்பாலும் கம்யூனிட்டி ஹெல்த் பாடத்துலதான் வரும். நம்ம ஊர்ல சப்-சென்டர்ல நோட்டைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போனோமே, அதோட அமெரிக்க அவதாரம். "விண்ட்ஷீல்ட் சர்வே"ன்னு ஒண்ணு குடுப்பாங்க: ஒரு ஏரியாவைக் கார்லயே சுத்திப் பார்த்து, ஜனங்க எப்படி வாழறாங்கன்னு எழுதணும். நான் கல்ஃப்டன் பக்கம் எடுத்தேன். ஹில்க்ராஃப்ட்ல நாம கறிவேப்பிலை வாங்கப் போறோமே, அதுக்குப் பக்கத்துலதான். அதுவரைக்கும் பார்க்கிங் கிடைக்குதான்னு மட்டும் பார்த்த ரோடு அது. அன்னிக்குத்தான் பார்த்தேன், வரிசையா பழைய அபார்ட்மென்ட், அதுல நெருக்கி நெருக்கிக் குடும்பங்க, குழந்தைங்க விளையாட இடம் இல்ல. ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கிட்டு ஒரு அம்மா, நடைபாதை பாதியிலேயே முடிஞ்சு போனதால ரோட்டுல இறங்கி நடக்கிறாங்க. நம்ம ஃப்ளோருக்கு சுகர் 500ல வந்து, டிஸ்சார்ஜ்ல "தினமும் நடங்க"ன்னு நாம பேப்பர் குடுத்து அனுப்புறோமே, அவங்க இந்த மாதிரி ரோட்டுக்குத்தான் திரும்பிப் போறாங்க. அந்தப் பேப்பருக்கு நல்ல மார்க் வந்தது.

லீவு பெருசா வேண்டியிருக்காது, ஆஃப் நாள்ல முடிச்சிடலாம். ஆனா சில ஸ்கூல்ல ஒரு ஏஜென்சில இத்தனை மணி நேரம்னு கேப்பாங்க, இடத்தை நீயே தேடணும். சேர்றதுக்கு முன்னாடி, "எத்தனை மணி, இடம் யார் புடிச்சுத் தர்றது, டெக்சாஸ்லயே பண்ணலாமா"ன்னு மூணையும் கேட்டுடு. ஊசி போட்ட விவரமும் பேக்ரவுண்ட் செக்கும் கேப்பாங்க, எம்ப்ளாயி ஹெல்த்துல காப்பி வாங்கி வை.

மேனேஜருக்கு இப்ப என்ன சொல்றதுன்னு முழிக்காதே. "எவாலுவேஷனுக்கு அனுப்பியிருக்கேன், ஆகஸ்ட்ல சேரப் போறேன்"னு ஒரு மெயில் போட்டு வை, ரிப்போர்ட்டுக்குப் பணம் கட்டின ரசீதையும் சேர்த்து.

ராத்திரி ஷிஃப்ட்:

அட்டவணையை இன்னிக்கு நைட் பிரேக்ல டைப் பண்ண ஆரம்பிக்கிறேன் அக்கா. 2005க்கு அப்புறம் வந்த சிலபஸ் யார்கிட்டயாவது பி.டி.எஃப். இருந்தா இங்க போடுங்களேன், என்கிட்ட இருக்கிறதுல ரெண்டாம் வருஷப் பக்கங்களைக் காணோம்.