புதுப்பிப்பு: பெரியப்பாவின் 1961 போர்தோ சிவப்பு வைன், திறந்து சுவைத்த விவரம்

பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றிய பெரியப்பா புதுச்சேரி வீட்டில் விட்டுச்சென்ற, பிரான்சின் போர்தோ பகுதியைச் சேர்ந்த 1961 வைன் புட்டியை எப்படித் திறப்பது, இன்னும் குடிக்கத் தகுமா என்று இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

வண்டல் அடியில் தங்குவதற்காகப் புட்டியைச் சில நாள்கள் நிமிர்த்தி வைத்தோம். திருகுக்கம்பியைத் தவிர்த்து, தக்கையின் இருபுறமும் நுழையும் இரட்டைத் தகடு கொண்ட திறப்பானைப் பயன்படுத்தச் சொன்ன யோசனையே பலித்தது. தொட்டாலே உதிரும் நிலையிலிருந்த தக்கை முழுதாக வெளிவந்தது. முன்கூட்டியே குடுவையில் ஊற்றிக் காற்றாட விடும் ஆலோசனையை நாங்கள் பின்பற்றவில்லை. இவ்வளவு முதிர்ந்த வைனுக்கு அது கேடு என்றே இப்போது உறுதியாகக் கருதுகிறேன்.

நிறம் செங்கல் பழுப்பாக மாறியிருந்தது. துவர்ப்பைத் தரும் டானின்களும் நிறமிகளும் பல்லாண்டுகளில் ஒன்றோடொன்று பிணைந்து வண்டலாகப் படிந்துவிடுவதால், நாவில் துவர்ப்பு ஏறக்குறைய இல்லை. புளிப்பே மேலோங்கி நின்றது.

எதிர்பாராதது மணம்தான். 12 முதல் 14 டிகிரி வரையிலான நிலவறைக் குளிர்ச்சியை இங்கு ஒருநாளும் காணாத புட்டி, உள்ளிருந்த வைனின் மட்டமும் புட்டியின் தோள்வரை இறங்கியிருந்தது. ஆகவே வெறும் காடியைத்தான் எதிர்பார்த்தோம். முதலில் எழுந்த மக்கிய வாடை சில நிமிடங்களில் விலகி, உலர்ந்த அத்திப்பழம், காளான், மழையில் நனைந்த சருகு ஆகியவற்றின் மணம் தெளிவாக எழுந்தது, அது எங்களை உண்மையிலேயே நெகிழவைத்தது. கால்மணி நேரத்துக்குள் அனைத்தும் மங்கிவிட்டன. ஆகவே திறந்தவுடன் சிறிதளவு ஊற்றி உடனே சுவைப்பது அவசியம். குளிர்பெட்டியில் வைத்த மிச்சம் மறுநாள் சமையலுக்கும் உதவவில்லை.