இந்த இன்டோர் சாம்பியன்ஷிப் எண்டுறது எப்ப தொடங்கினது? 60 மீட்டர் எண்டு ஏன் வைச்சவங்கள்?

கொக்குவில்_விசில்
எல்லாருக்கும் வணக்கம். நான் எங்கட ஊர் சனசமூக நிலையத்தில பின்னேரத்தில பெடியளுக்கு ஓட்டம் பழக்கிறனான், பெரிய கோச் எல்லாம் இல்லை, ஒரு விசிலும் ஸ்டொப்வோச்சும் இருக்கு அவ்வளவு தான். போன கிழமை ஒரு பெடியன் போனில வீடியோ ஒண்டு காட்டினான், கிராண்ட் ஹாலோவே எண்ட அமெரிக்கன் 60 மீட்டர் தடைதாண்டல் 7.27 செக்கன்ல முடிச்சு உலக சாதனை, 2024 பெப்ரவரி, அல்புகேர்க்கி எண்ட ஊரில நடந்த அமெரிக்க தேசிய இன்டோர் சாம்பியன்ஷிப்பில. பெடியன் கேக்கிறான், அண்ணை 110 மீட்டர் தானே தடைதாண்டல், இவங்கள் ஏன் அரைவழியில நிப்பாட்டிப்போட்டு கொடி பிடிக்கிறாங்கள் எண்டு. எனக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்லை, சும்மா இடம் காணாதடா எண்டு சமாளிச்சுப்போட்டு வந்திட்டன்.

உண்மையா இது எப்ப தொடங்கினது, ஆர் தொடங்கினது, இது சரியான தேசியப் போட்டியா இல்லாட்டி மாரிகாலத்துக்குப் பொழுதுபோக்கா ஓடுறதா? தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்கோ.

ஸ்காபரோ_குளிர்
தம்பி நீர் சமாளிச்சது தான் உண்மை, இடம் காணாது, அது தான் முழுக்கதையும் 😄

இஞ்ச ரொறன்ரோவில ஜனவரியில வெளிய வந்து பார்த்தா விளங்கும், கிரவுண்ட் எல்லாம் பனிக்குக் கீழ, நாலைஞ்சு மாசம் ஓட்டக்காரனுக்கு ஒரு வேலையும் இல்லை. அதால அந்தக் காலத்தில மண்டபத்துக்குள்ள பூந்தாங்கள். 1868 நவம்பரில நியூயோர்க் அத்லெட்டிக் கிளப் ஒரு ஸ்கேற்றிங் மண்டபத்துக்குள்ள மீட் வைச்சது தான் அமெரிக்காவில முதல் இன்டோர் மீட் எண்டுறது, முள்ளுச் சப்பாத்து போட்டு அமெரிக்காவில முதல் ஓடினதும் அண்டைக்குத் தான் எண்டு சொல்லுவினம். பேந்து ஆமிக்காரர் பயிற்சி எடுக்கிற பெரிய கட்டடங்கள், குத்துச்சண்டை நடக்கிற மண்டபங்கள், எங்க கூரை இருக்குதோ அங்க எல்லாம் ஓடினவங்கள்.

தேசிய சாம்பியன்ஷிப் எண்டு தொடங்கினது 1906ல, அப்ப ஏஏயூ எண்ட அமைப்பு தான் நடத்தினது. பெரும்பாலான வருஷம் நியூயோர்க் மடிசன் ஸ்குவேர் கார்டன்ல. பொம்பிளையளுக்கு 1927ல தான் தொடங்கினது, அதுவும் கனகாலம் தனிய வேற ஊரில வேற நாளில நடந்தது, ஒரே மண்டபத்தில சேர்த்து வைக்க அவையளுக்கு அத்தனை வருஷம் எடுத்தது, என்ன சொல்ல.

அந்த கார்டன்ல ட்ராக் எண்டு ஒண்டு நிரந்தரமா இருந்ததில்லை. பலகையைத் துண்டு துண்டாக் கொண்டு வந்து பொருத்துவாங்கள், மீட் முடிய கழட்டுவாங்கள், அடுத்த நாள் ஐஸ் ஹொக்கியோ குத்துச்சண்டையோ நடக்கும். ஒரு மைலுக்கு 11 சுத்து! கணக்குப் பாரும், ஒரு சுத்து 146 மீட்டர் அளவு தான் வருது. வளைவு றோட்டு மாதிரி ஒரு பக்கம் உயர்த்திக் கட்டினபடியால் தான் ஆக்கள் வெளிய எறியுப்படாம ஓடினவை. சனம் உள்ளுக்கிருந்து சிகரெட் பத்தும், ஓடுறவன் அந்தப் புகையை இழுத்துக்கொண்டு ஓடோணும். அதே கார்டன்ல மில்றோஸ் மீட் எண்டு இன்னொண்டு நடக்கும், அது தேசியப் போட்டி இல்லை, வனமேக்கர் எண்ட பெரிய கடையில வேலை செய்த ஆக்கள் தொடங்கினது, அங்க நடுவர்மார் கோட்டு சூட்டு போ கட்டிக்கொண்டு கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி நிப்பினம்.

பலகையில சப்பாத்து முள்ளு படுற சத்தம் ரயில் போற மாதிரி இருக்கும் எண்டு பழைய ஆக்கள் சொல்லுவினம். ஐரிஷ்காரன் ஈமன் கோகலன் அந்தப் பலகையில ராசா, மில்றோஸ் மைல் 7 தரம் வெண்டவர், "பலகையளின்ர தலைவர்" எண்டு தான் பட்டம். 1983ல நியூ ஜேர்சியில 3 நிமிஷம் 49.78ல மைல் ஓடி, கூரைக்குள்ள 3:50க்குக் கீழ போன முதல் ஆள்.

60 மீட்டர் கேட்டனீர். மண்டபத்தின்ர ஒரு சுவரில இருந்து மற்ற சுவர் மட்டும் நேரா ஓட எவ்வளவு கிடைக்குதோ அது தான் தூரம், அந்தக் காலத்தில 60 யார். அது மீட்டர்ல 54.86, அதால மீட்டருக்கு மாறேக்க முதல்ல 55 மீட்டர் வைச்சுப் பார்த்தவை, அதுக்குப் பிறகு தான் உலகம் ஓடுற 60க்கு வந்தவை. முடிவுக்கோட்டுக்குப் பின்னால தடிச்ச மெத்தை சாத்தியிருக்கும் பாத்தனீரோ, நிக்க இடமில்லாமல் அதில போய் மோதுறவங்கள்.

வெயில்_வல்லை
கூரைக்குள்ள காத்தும் இல்லை மழையும் இல்லை வெயிலும் இல்லை, ஏசிக்குள்ள ஓடிப்போட்டு உலக சாதனையாம். எங்கட பெடியளை வல்லை வெளியில எதிர்காத்துக்கு ஓடின மாதிரி ஓட விட்டுப் பாக்கோணும் உவையை.

ஓய்வுபெற்ற_பிரி_மாஸ்டர்
வல்லைத் தம்பி, அவசரப்படாதையும். வெளியில 100 மீட்டருக்குப் பின்காத்து செக்கனுக்கு 2 மீட்டர் மட்டும் இருந்தாலும் சாதனை ஏற்பாங்கள். அதாவது முதுகில தள்ளிவிடுற காத்து சட்டப்படி உதவி. கூரைக்குள்ள அந்த உதவியும் கிடையாது. எதிர்காத்து இல்லை எண்டது சரி, அதேமாதிரி பின்காத்தும் இல்லை.

நீர் பிழை பிடிக்கிறதெண்டா அல்புகேர்க்கியில பிடிக்கலாம். அந்த ஊர் கடல்மட்டத்தில இருந்து 1600 மீட்டர் அளவு உயரம், காத்து ஐதா இருக்கும், குறுந்தூரக்காரனுக்கு நல்லது. கிறிஸ்டியன் கோல்மன் 60 மீட்டரை 6.34ல ஓடினதும் அதே அல்புகேர்க்கி, அதே தேசிய இன்டோர், 2018. ஆனா 3000 மீட்டர் ஓடுறவனுக்கு அங்க மூச்சு வாங்கும், நேரம் மோசமாத் தான் வரும். ஒரே மண்டபம் ஒருத்தனுக்கு வரம், மற்றவனுக்குச் சாபம்.

இன்னுமொண்டு. கன காலமா இந்த உள்ளரங்குப் போட்டியை உலக அமைப்பே கணக்கில எடுக்கேல்லை, ஏனெண்டா ஒவ்வொரு மண்டபத்திலும் ஒவ்வொரு அளவு, எதை எதோட ஒப்பிடுறது. 1985 பாரிசில ஒரு உலகப் போட்டி வைச்சுப் பார்த்து, 1987ல இண்டியானாபொலிசில முதல் உலக இன்டோர் சாம்பியன்ஷிப். அந்த வருஷம் ஜனவரி முதலாந்திகதியில இருந்து தான் இன்டோர் உலக சாதனை எண்டு ஒண்டைப் பதிஞ்சவை. அமெரிக்கத் தேசியப் போட்டிக்கு அப்ப 80 வயசு.

இனி எனக்குப் பிடிச்ச விசயத்துக்கு வாறன். உயரம் பாய்தல். எங்கட யாழ் மத்திய கல்லூரி எதிர்வீரசிங்கம், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் ரெண்டு ஒலிம்பிக்கும் போனவர், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில 2.03 மீட்டர் பாய்ஞ்சு தங்கம், ஆசிய விளையாட்டில இலங்கைக்குக் கிடைச்ச முதல் தங்கம் அது தான். அதுக்கு அடுத்த வருஷம் ஜனவரியில ஜோன் தோமஸ் எண்ட 17 வயசுப் பெடியன் ஸ்காபரோத் தம்பி சொன்ன அதே மடிசன் ஸ்குவேர் கார்டன்ல 7 அடி பாய்ஞ்சான், கூரைக்குள்ள 7 அடி பாய்ஞ்ச முதல் மனிசன். 7 அடி எண்டா 2.13. ஒரு பக்கம் பலகை, மற்றப் பக்கம் புல்லும் மண்ணும், எண்டாலும் வித்தியாசம் 10 சென்ரிமீட்டர் தான். நான் வகுப்பில இதைச் சொல்லாத வருஷமே இல்லை, பெடியளுக்கு அலுத்துப் போயிருக்கும்.

கோலூன்றிப் பாய்தலையும் பாருங்கோ, இப்ப எங்கட பக்கம் அது தான் பேர் வாங்கிற விளையாட்டு, மகாஜனா அனித்தா, சாவகச்சேரி புவிதரன் எல்லாம் தேசிய சாதனை வைச்ச பிள்ளையள். 2000ல விதி மாத்தினவை, கூரை இருந்தாலும் இல்லாட்டிலும் உலக சாதனை உலக சாதனை தான் எண்டு. அதால தான் 2014 பெப்ரவரியில பிரெஞ்சுக்காரன் லாவிலெனி டொனெட்ஸ்க் மண்டபத்துக்குள்ள 6.16 பாய்ஞ்சது முழு உலக சாதனையாப் போனது. அதுவும் முந்தி அந்தச் சாதனையை வைச்சிருந்த உக்ரேன்காரன் புப்காவின்ர ஊரில, புப்கா பாத்துக்கொண்டிருக்கேக்க. பொழுதுபோக்கோ எண்டு கேட்டனீர் தானே.

ஹரோ_அக்கா
லண்டன்ல இருந்து. இஞ்சத்தே கதை சின்னது. ஆம்பிளையளின்ர தேசிய இன்டோர் 1935ல வெம்பிளி எம்பயர் பூல்ல தொடங்கினது (பேர் தான் பூல், நீச்சல் தடாகத்தை மூடிப்போட்டு எல்லாக் கூத்தும் நடக்கும்), 1939 மட்டும் நடந்து சண்டையோட நிண்டு போச்சு, திரும்பத் தொடங்கினது 1962ல. 1965ல இருந்து 1991 மட்டும் கொஸ்ஃபோர்ட் எண்ட விமானப்படை முகாமுக்குள்ள, பிறகு பேர்மிங்காம்.

என்ர மகள் 400 ஓடுறவள், நான் ரெண்டு சீசனா கையில ஜாக்கெட்டும் தண்ணிப் போத்திலும் வைச்சுக்கொண்டு மண்டபம் மண்டபமா அலையிறன். 400 எண்டா ரெண்டு சுத்து, முதல் சுத்து அவரவர் லேன்ல, பேந்து எல்லாரும் உள்ளுக்கு வெட்டுவினம், அதுக்குப் பிறகு முழங்கை தான்! வெளியில 400 ஓடேக்க பிள்ளை விழும் எண்டு நான் பயந்ததே இல்லை, இதில ஒவ்வொரு தரமும் கண்ணை மூடுறனான். 200 மீட்டரும் முந்தி உலகப் போட்டியில இருந்தது, 2004க்குப் பிறகு எடுத்துப்போட்டினம், உள் லேன் கிடைச்சவனுக்கு வளைவு அவ்வளவு ஒடுக்கம், லேன் குலுக்கேக்கயே பாதி முடிவு தெரிஞ்சிடுமாம்.

வெயில்_வல்லை
மாஸ்டர் சொன்னா சரி 🙏 ஆனா ஈட்டியும் தட்டும் உள்ளுக்க எறிய ஏலாது தானே, அப்ப எறியிற ஆக்கள் என்ன செய்யிறது? மாரி முழுக்க வீட்டில இருக்கிறதோ?

ஸ்காபரோ_குளிர்
குண்டு போடுதல் இருக்கு. அதோட அமெரிக்கத் தேசியப் போட்டியில ஒரு விசித்திரம் இருக்கு, சம்மட்டி எறிய இடமில்லை எண்டு போட்டு, கம்பியைக் கட்டையாக்கி பாரத்தைக் கூட்டி 35 இறாத்தல் இரும்பை எறிய விடுவாங்கள். கிட்டத்தட்ட 16 கிலோ, வழமையான சம்மட்டி 7.26 தானே, ரெண்டு மடங்குக்கும் மேல. பொம்பிளையளுக்கு 20 இறாத்தல். பாரம் கூடினா தூரம் போகாது, மண்டபம் தப்பும், அது தான் யோசினை 😄 உலக இன்டோர்ல இந்த ஈவன்ட் கிடையாது.

மற்றது நடத்துற அமைப்புப் பற்றி ஆரும் கேக்கேல்லை எண்டாலும் சொல்லுறன், 1978ல அங்க சட்டம் ஒண்டு வந்து ஏஏயூவின்ர பிடி போட்டுது, 1979ல இருந்து வேற அமைப்பு, 1992ல அது பேர் மாறி இப்ப இருக்கிற யூஎஸ்ஏ ட்ராக் அன்ட் ஃபீல்ட். மடிசன் ஸ்குவேர் கார்டனை விட்டும் வெளிக்கிட்டு அட்லாண்டா, பொஸ்டன், அல்புகேர்க்கி எண்டு ஊர் ஊராப் போகுது. 2021ல கொரோனாவால நடக்கேல்லை.

கொக்குவில்_விசில்
எல்லாருக்கும் நன்றி, நான் இவ்வளவு வரும் எண்டு நினைக்கேல்லை. வாசிக்க வாசிக்க ஒரு யோசினை. எங்கட பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் கனக்கத்தில கிரவுண்ட் சின்னன், இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு சுண்ணாம்பால 200 மீட்டர் ட்ராக் தான் கீறுறது, 400 எண்டா ரெண்டு சுத்து, 800 எண்டா நாலு. அதுவும் ஜனவரி பெப்ரவரியில. அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் இன்டோர் சீசன் தானே ஓடியிருக்கிறம், கூரை தான் இல்லை??

ஸ்காபரோ_குளிர்
சிரிக்காதையும், இப்ப அது சட்டப்படியும் கிட்டத்தட்ட சரி. 2023 நவம்பர்ல இருந்து உலக அமைப்பு சாதனைக் கணக்கில "இன்டோர்" எண்ட சொல்லை எடுத்துப்போட்டு "ஷோர்ட் ட்ராக்" எண்டு மாத்திப்போட்டினம். 200 மீட்டர் ட்ராக் தான் முக்கியம், கூரை கட்டாயம் இல்லை. என்ன, உங்கட சுண்ணாம்புக் கோடு சாதனைக்குச் செல்லாது, ஒழுங்கா அளந்து கட்டின ட்ராக் வேணும். வளைவில புல்லில வழுக்கினவங்களுக்கு ஒரு ஆறுதல் எண்டு வையும்.

ஓய்வுபெற்ற_பிரி_மாஸ்டர்
தம்பி, உம்மட பெடியன் கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் சரியான மறுமொழி சொல்லேல்லை. 60 மீட்டர் தடைதாண்டல் எண்டது வேற விளையாட்டில்லை, 110ன்ர முதல் பாதி அப்படியே. தொடக்கக் கோட்டில இருந்து முதல் தடை 13.72 மீட்டர், பிறகு தடைக்குத் தடை 9.14, ரெண்டிலும் ஒரே அளவு. 110ல பத்துத் தடை, இதில அஞ்சு. அஞ்சாவது தடை 50.28ல வரும், மிச்சம் 9.72 ஓட்டம். பெட்டையளுக்கு 13 மீட்டர், பிறகு 8.50, அதுவும் 100 மீட்டர் தடைதாண்டல்ல உள்ள அதே அளவு. ஹாலோவே அந்த அஞ்சு தடைக்குள்ள ஆரும் செய்யாததைச் செய்தவர், அதுக்குத் தான் கொடி.

கொக்குவில்_விசில்
மாஸ்டர்!! எங்களிட்ட இருக்கிறதே ஆறு தடை, அதில ஒண்டு கால் உடைஞ்சது. நான் பத்து இல்லையே எண்டு இவ்வளவு நாளும் தடைதாண்டல் பழக்கவே இல்லை.

ஓய்வுபெற்ற_பிரி_மாஸ்டர்
அஞ்சு காணும். 18 வயசுக்குக் கீழ்ப்பட்ட பெடியள் எண்டா உயரம் 91.4 சென்ரிமீட்டருக்கு இறக்கும், 9.14ஐ இரும்பு ரேப்பால அளவும், காலால எட்டு வைச்சு அளக்காதையும். தடையின்ர கால் ஓடி வாறவன்ர பக்கம் இருக்கோணும், மாறி வைச்சா தட்டுப்பட்டாலும் விழாது, பிள்ளை தான் விழும். சனிக்கிழமை எத்தனை மணிக்கு?

கொக்குவில்_விசில்
நாலரை. வாங்கோ சேர், அந்தக் கால் உடைஞ்சதையும் ஒருக்கா பாருங்கோ, வெல்டிங் கடைக்குக் குடுக்கலாமோ எண்டு.