கொடை பார்த்த கண்ணுக்குச் சில திகில் படங்கள்

அக்கினி வெயிலில் பாளையங்கோட்டை வீட்டை விட்டு வெளியே இறங்க முடியாமல் கிடந்த நாட்களில், வெகு காலமாகத் தள்ளிப்போட்டிருந்த மூன்று படங்களைப் பார்த்து முடித்தேன்.

முதலாவது, ஜான் கார்பென்டர் 1982இல் இயக்கிய 'தி திங்'. அண்டார்டிகாவின் ஆய்வு நிலையமொன்றில் அடைபட்டவர்களுள் எவன் மனிதன், எவன் மனித உருவில் புகுந்த வேற்றுயிர் என்று கண்டறிய, ஒவ்வொருவரின் ரத்தத்திலும் சூடேற்றிய கம்பியை வைத்துப் பார்க்கும் காட்சியில் மின்விசிறியின் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. படம் ஒரு நாயோடு தொடங்குவதாலோ என்னவோ, அன்று மாலை வாசலில் நின்று என்னை உற்றுப் பார்த்த தெருநாய்க்கு வழக்கமான பிஸ்கட் கிடைக்கவில்லை.

ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968), பெயரை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டதால் பொதுச்சொத்தாகிவிட்ட படம். எழுந்து நடக்கும் பிணங்களைவிட, நிலவறையில் ஒளிவதா மேலேயே நிற்பதா என்று அவற்றுக்கு அஞ்சி ஒரு வீட்டுக்குள் அடைபட்டவர்கள் போட்டுக்கொள்ளும் சண்டைதான், பாகப்பிரிவினை நடக்கும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டாற்போல் பதற்றம் தந்தது.

மனத்தை விட்டு அகலாதது ராபின் ஹார்டியின் 'தி விக்கர் மேன்' (1973). காணாமற்போன சிறுமியைத் தேடி ஸ்காட்லாந்துத் தீவொன்றுக்கு வரும் காவல் அதிகாரியிடம், அப்படியொரு பிள்ளையே இங்கில்லை என்று ஊரே சிரித்த முகத்துடன் சொல்கிறது. பேயும் இல்லை, இருட்டும் அதிகமில்லை. பாட்டும் கூத்துமாகவே படம் நகர்கிறது. கிறிஸ்தவப் பற்று மிகுந்த அந்த அதிகாரிக்குத் தீவின் பழைய வழிபாடுகள் அருவருப்பைத் தருகின்றன. ஆனால் சுடலைமாடன் கோயில் திருவிழாவான கொடையில் மகுடப் பறை முழங்க, நள்ளிரவில் சாமியாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போய்வருவதைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்த எனக்கு, முதல் ஒரு மணி நேரம் தீவுக்காரர்கள் பக்கமே மனம் சாய்ந்திருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த ஆச்சியும், மொழி புரியாமலே, "கொடைக்குப் பாடுத மாதிரிதாம்ல பாடுதாவ, இதுல பயப்பட என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தாள். (இடையில் வரும் ஆடையில்லா நடனத்தை நான் அவசரமாக ஓட்டிவிட்டேன்.)

முகமூடி ஊர்வலம் தொடங்கி, சென்ற ஆண்டு விளைச்சல் பொய்த்த ஊர் தன் தெய்வத்துக்கு எதைக் கொடுக்கத் துணிந்திருக்கிறது என்பது புலப்படத் தொடங்கியபோது, அதுவரை நான் சிரித்து ரசித்த பாட்டுகள் எல்லாம் வேறு பொருளில் திரும்பி வந்தன. முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. கடைசியில் ஊரார் ஒன்றாகச் சேர்ந்து பாடியபோது, ஆச்சி வெட்டிய பாக்கை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.